ஐந்து கோட்டு மூடநம்பிக்கை

எங்கள் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் போன வாரம் ஒரு தீர்மானம் வந்தது: மொட்டைமாடியில் செல்போன் சிக்னல் ‘பூஸ்டர்’ வைப்பது. “வெச்சா போதும் சார், அஞ்சு கோடும் ஃபுல்லா வந்துடும்” என்றார் செயலாளர். உடனே கைதட்டல். தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதை அடைக்கக் காசில்லை என்று கையை விரித்தவர்கள், இதற்கு மட்டும் அங்கேயே சந்தா எழுதினார்கள். கோடு நிறைந்தால் நெட் ஓடிவிடுமா என்று கேட்ட நான் நாத்திகனாகிவிட்டேன்.

படித்தவர், படிக்காதவர் பேதமில்லாமல் பரவியிருக்கும் நம்பிக்கை இது. கோடு நிறைய இருந்தால் நெட் நன்றாக இருக்கும். நெட் சரியில்லையா, டவர் இன்னும் பலமாக அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேதம். ராகு காலம் பார்ப்பவரைக் கிண்டல் செய்யும் பகுத்தறிவாளர்கூட, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பால்கனியில் பிரதட்சணம் வருகிறார்.

இந்தக் கோட்டின் யோக்கியதை தெரிய வேண்டுமானால் 2010 ஜூலை 2-ஐ நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஐபோன் 4 விற்பனைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. போனைக் கீழ் இடது மூலையில் பிடித்தால் கோடுகள் சரிகின்றன என்று ஊரெல்லாம் புகார். ஆப்பிள் ஒரு கடிதம் வெளியிட்டது. கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே முழுக்கத் தப்பு, பல நேரங்களில் இரண்டு கோடு அதிகமாகக் காட்டியிருக்கிறோம், இரண்டு காட்ட வேண்டிய இடத்தில் நான்கு காட்டியதும் உண்டு, இந்தத் தப்பு முதல் ஐபோனிலிருந்தே இருக்கிறது என்றது அந்தக் கடிதம். முதல் ஐபோன் வந்தது 2007-இல். மூன்று வருடம் உலகம் அந்தக் கோட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது! பரிகாரம் என்ன? மென்பொருளில் சூத்திரத்தை மாற்றினார்கள். கூடவே முதல் மூன்று கோடுகளைக் கொஞ்சம் உயரமாக வரைந்தார்கள், பார்க்க வசதியாக இருக்குமாம். அந்த மாற்றத்தால் ஒரு டவரும் நகரவில்லை, ஓர் ஆண்டெனாவும் மாறவில்லை. கோடு மட்டும் மாறியது. இதற்கு மேலும் கோட்டை நம்புகிறவரை என்ன செய்வது?

கோடு பெரும்பாலும் சொல்வது, டவரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான். சத்தம் வேறு, தெளிவு வேறு. எதிரொலிக்கிற கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து ஒருவர் வாழ்த்திப் பேசுகிறார், ஒரு வார்த்தை விளங்கவில்லை. வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும். காற்றிலும் இதுதான் நடக்கிறது. டவரிலிருந்து கிளம்பிய அலை நேராக ஒரு வழியில் வருகிறது, எதிர்க்கட்டடத்தில் பட்டு இன்னொரு வழியில் வருகிறது, மேம்பாலத்தில் பட்டு மூன்றாவது வழியில் வருகிறது. 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த நகல் ஒரு மைக்ரோ விநாடி தாமதம். இந்த நகல்கள் சில அலைவரிசைகளில் ஒன்றையொன்று தூக்கிவிடும், சிலவற்றில் ஒன்றையொன்று காலிசெய்யும். காற்று செய்த இந்தக் குளறுபடி இன்னதென்று போன் முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அப்புறம்தான் செய்தியை மீட்க முடியும்.

இந்தக் கண்டுபிடிப்பு வேலைக்குத்தான் சானல் எஸ்டிமேஷன் என்று பெயர். இரண்டு பக்கமும் முன்பே அறிந்த ஓர் அடையாளத்தை, அதாவது ‘பைலட்’டை, செய்தியோடு சேர்த்து அனுப்புவார்கள். வந்து சேர்ந்ததை அறிந்ததோடு ஒப்பிட்டால் காற்றின் சேட்டை பிடிபட்டுவிடும். நம் பழைய 2ஜி போனில் பேச்சு சிறு சிறு துண்டுகளாகப் போகும், துண்டுக்கு 148 பிட். அதில் 26 பிட் இந்த அடையாளத்துக்கே போய்விடும். ஆறில் ஒரு பங்குக்கும் மேல்! சத்தம் மட்டும் போதுமென்றால், அலைவரிசையைக் கோடி கோடியாகக் கொட்டி வாங்கியவன் ஆறில் ஒரு பங்கை எதற்குத் தாரை வார்க்கிறான்?

5ஜியில் கதை இன்னும் கடுமை. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.5 சென்டிமீட்டர். அதில் பாதி தூரம் நகர்ந்தாலே காற்றின் குணம் மாறிவிடலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் அந்த 8.5 சென்டிமீட்டரை ஏறக்குறைய 5 மில்லி விநாடியில் தாண்டிவிடும். டவரில் 64 ஆண்டெனா வைத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குறிபார்த்து அனுப்புகிறார்கள். குறிபார்க்கும் கணக்கு பழசாகிவிட்டால் குறி தப்பும். அப்போதும் கோடு என்னவோ ஃபுல்தான்.

ஆப்பிள் கோட்டை உயரமாக வரைந்துகொண்டிருந்த அதே 2010-இல், பெல் லேப்ஸின் தாமஸ் மார்செட்டா ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஆண்டெனாக்களைக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சலின் பாதிப்பு மறையும்; ஆனால் பக்கத்து டவரின் எல்லையில் அதே பைலட்டை அனுப்புகிறவர்களால் மதிப்பீட்டில் விழும் கறை மட்டும் மறையாது என்று அதில் காட்டினார். பவரைக் கூட்டினால்? நம்முடையதோடு பக்கத்துக்காரருடையதும் கூடும், கறை அப்படியே இருக்கும். பின்னால் வந்தவர்கள் அதற்கும் வழி கண்டார்கள். அந்த வழி பவரில் கிடைக்கவில்லை, இன்னும் நுட்பமான மதிப்பீட்டுக் கணக்கில்தான் கிடைத்தது. இதை எந்த விளம்பரத்தில் நடிகர் வந்து சொல்கிறார்? அவர் மலை உச்சியில் நின்று ஐந்து கோட்டைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகிறார்.

பூஸ்டருக்கு வருவோம். அனுமதியில்லாமல் அதை வைப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். அது உங்கள் குரலோடு இரைச்சலையும் பெருக்கி டவரின் காதில் ஊற்றும். அக்கம்பக்கத்துத் தெருக்காரரின் பேச்சு அறுபடும். உங்கள் போனில் மட்டும் ஐந்து கோடு ஜொலிக்கும். ஆனாலும் லாட்ஜுக்கு லாட்ஜ், கடைக்குக் கடை இந்தப் பெட்டி தொங்குகிறது.

சரி, மாடியில் முறைப்படி டவரே வைக்கலாமே என்றால், அதே கூட்டத்தில் “ஐயோ ரேடியேஷன்!” என்று அலறல். 2018-இல், செல்போன் கதிர்வீச்சால் பறவைகள் சாவதாகச் சொன்ன ‘2.0’ படம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து குருவிகளுக்காக இவர்கள் விடும் கண்ணீர் கொஞ்சமல்ல. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் 2012-இலிருந்து இந்தியா அனுமதிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். டவர் அடுத்த தெருவில் இருக்க வேண்டும், கோடு மட்டும் இவர்கள் வீட்டில் நிறைய வேண்டும்.

பொறியாளர்களை மட்டும் விட்டுவிட முடியுமா? நம் கல்லூரிகளில் சானல் எஸ்டிமேஷன் என்பது பதிமூன்று மார்க் கேள்வி. கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து, படத்தை வரைந்து, கட்டம் கட்டிவிட்டு வந்தால் தீர்ந்தது. அப்படிப் பட்டம் வாங்கிய பையன்தான் வீட்டுக்கு வந்து, “அப்பா, சிக்னல் கம்மி, பூஸ்டர் வாங்கலாம்” என்கிறான்.

போன் கம்பெனிகளுக்கு ஒரு யோசனை. எத்தனை கோடு காட்டுவது என்பது எப்படியும் உங்கள் இஷ்டம்தானே? எல்லாருக்கும், எல்லா இடத்திலும், ஐந்தையும் நிரந்தரமாக வரைந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் உயரமாகவே வரையுங்கள். பக்தகோடிகள் திருப்தி அடைவார்கள். காற்றைக் கணக்குப் போடுகிறவர்கள் தொந்தரவில்லாமல் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.