வழி கேட்டுச் செல்லுங்கள்



மே மாத விடுமுறை வந்துவிட்டால், பெங்களூரில் வாழும் நம்முடைய குடும்பங்களில் பல தென்மாவட்டங்களை நோக்கிப் புறப்படும். முன்பெல்லாம் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தாலே பெரிய காரியம். இப்பொழுதோ அநேகர் சொந்த வாகனத்தில் ஓசூர், சேலம், மதுரை வழியாக ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தாங்களே ஓட்டிச் செல்கின்றனர். ஒருவருக்காகவும் காத்திராமல், விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய வழியில் செல்வது ஒரு சிலாக்கியமே. ஆனால் அதில் ஒரு கண்ணியும் உண்டு. அதில் அகப்பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

திருச்செந்தூருக்கு மேற்கே, கடலுக்கு அருகில், செம்மணல் மேடுகள் அலை அலையாய்க் கிடக்கின்றன. தேரி என்பது அதன் பெயர். காயாமொழி, குதிரைமொழி, சாத்தான்குளம் என்று அது பரந்து செல்லும். தென்மேற்குக் காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரி வந்து கடலோரத்தில் குவித்தது என்பர். இரும்புத் துருவே அந்தச் சிவப்புக்குக் காரணம். மணல் நகராதிருக்க வனத்துறையினர் முந்திரி முதலிய மரங்களை வளர்த்திருக்கின்றனர். ஆயினும் வெட்டவெளிகளில் காற்று எழும்பினால் காலடித் தடங்கள் சற்று நேரத்தில் மறைந்துபோகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத நண்பகலில், கல்லூரியில் படிக்கும் என் மகனோடு அங்கே சென்றேன். வழியில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. "அப்பா, இங்கே விசாரித்துவிட்டுப் போகலாமே" என்றான் மகன். "இது உன் தாத்தா பிறந்த சீமை. நாம் யாரிடம் வழி கேட்பது? கைபேசியில் வரைபடம் இருக்கிறதே" என்றேன். வாகனத்தைச் சாலையோரம் நிறுத்தி, ஒரே ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு மணலில் இறங்கினோம்.

கால்மணி நேரம் நடந்து திரும்பிப் பார்த்தோம். தடங்கள் இல்லை. எந்த மேட்டைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. அரைமணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்தது. செருப்பையும் மீறிச் சூடு காலில் ஏறியது. ஒரு மணி நேரம் சென்றபின் மகன் தலைசுற்றி, வாந்தி எடுத்து, உட்கார்ந்துவிட்டான். தகப்பனாகிய நான் அவன் முகத்தைப் பார்க்கக் கூசினேன்.

அப்பொழுது பனைகளுக்கிடையே புகை தெரிந்தது. அவனைத் தாங்கிக்கொண்டு அத்திசையில் நடந்தேன். ஓலை விடிலி ஒன்றில் முதியவர் ஒருவர் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டவுடன் நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, சிறிது சிறிதாய்ப் பருகக் கொடுத்தார். பிறகுதான் என்னை நோக்கினார்.

"மத்தியானத்துல தேரிக்குள்ள யாராவது இறங்குவாவளா, தம்பி? ஊருக்குள்ள ஒரு ஆள்ட்ட கேட்டுட்டு வந்திருக்கலாம்லா?"

நான் பதில் பேசவில்லை. எங்கள் வாகனம் நின்ற சாலை அங்கிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

1841ஆம் ஆண்டில் ராபர்ட் கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டு, நீலகிரியையும் மதுரையையும் கடந்து, தேரிச் சீமையிலுள்ள இடையன்குடியை அடைந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் அறியவேண்டும் என்பதே அந்நடையின் நோக்கம். வழிநெடுகக் கேட்டும் கற்றும் வந்த அந்த அந்நியர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அந்நியர் கேட்டு அறிந்த சீமையில், அதைத் தன் சொந்தம் என்று எண்ணிய நான் கேளாமல் வழி தவறினேன்.

தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீபியாவில், பாலைவனம் நேரே கடலில் இறங்கும் கரை ஒன்றுண்டு. அதற்கு எலும்புக்கூட்டுக் கரை என்றே பெயர். 1942இல் டனிடின் ஸ்டார் என்னும் பிரிட்டிஷ் கப்பல் அங்கே தரைதட்டியது. அதிலிருந்த 106 பேரும் பிழைத்தனர். ஆனால் அவர்களை மீட்கச் சென்ற இழுவைக் கப்பலும் கரையில் மோதி, அதன் மாலுமிகள் இருவர் மாண்டனர். உதவிக்குச் சென்ற விமானம் ஒன்றும் மணலில் சிக்கிக்கொண்டது. ஒருவர் சிக்கினால், மீட்க வருகிறவரும் சிக்கும் நிலம் அது. இன்றும் அங்குள்ள பூங்காவைத் தாங்களே வாகனம் ஓட்டிக் கடப்போர், வாயிலில் அனுமதிச் சீட்டுப் பெற்றே உள்ளே செல்லவேண்டும்.

வேதத்தை வாசிக்கும் நமக்கு இது புதிதல்ல. பகலில் மேகஸ்தம்பமும் இரவில் அக்கினிஸ்தம்பமும் முன்சென்றபோதும், மோசே ஓபாவிடம், எங்களை விட்டுப் போகவேண்டாம் என்று வேண்டிக்கொண்டான். அந்த வனாந்தரத்தை அறிந்தவன் ஓபாவே. தேவனுடைய நடத்துதல் இருக்கிறது என்பதற்காக, இடத்தை அறிந்த மனுஷனைக் கேளாதிருப்பது விசுவாசமல்ல.

ஆகையால் இவ்விடுமுறையில் செல்லும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். தேரிக்குக் காலை 9 மணிக்குள்ளாகவோ மாலை 4 மணிக்குப் பின்னரோ செல்லுங்கள். தேரியின் சில பகுதிகள் காப்புக்காடு. வனத்துறையினரிடம் விசாரித்தபின் நுழையுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். சாலை கண்ணுக்கு மறையும் தூரம் செல்லாதீர்கள். எங்கே போகிறோம், எப்பொழுது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மணப்பாட்டுக் கடலில் பிள்ளைகளை இறக்குமுன் அங்குள்ள மீனவரைக் கேளுங்கள். ஆபத்தில் 108, 112 ஆகிய எண்கள் உதவும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அவையும் உதவா என்பதை மறவாதிருங்கள்.

யாரையும் சாராமல் பயணம் செய்யலாம். யாரையும் கேளாமல் பயணம் செய்யலாகாது. சென்ற ஆண்டு மறுபடியும் அவ்வழியே சென்றோம். தேநீர்க் கடையின் முன் நான் வாகனத்தை நிறுத்தினேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை, புன்னகைத்தான். நானே இறங்கிப்போய் வழி கேட்டேன்.