பன்றிக்கு எத்தனை போர்?

போன வாரம் விதுரா பக்கத்து விவசாயி ஒருவர் பேங்குக்கு வந்தார். மரவள்ளிக் கடன் (இங்கே மரச்சீனி என்பார்கள்). காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கிழங்கைக் கிளறிவிட்டதாம். "அப்பூப்பன் காலத்து மருந்திடிக்கிற துப்பாக்கி இருக்கு, லைசென்ஸும் உண்டு. போதுமா சாரே?" என்றார். பேங்க்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் :-)

பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அமைச்சரவை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. நியாயம்தான். ஆனால் எந்தத் துப்பாக்கியால்?

ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதுதான் 'போர்' கணக்கு. எண் குறைந்தால் குண்டு பெரிது. 12 போர் குண்டு சுமார் 38 கிராம். 1840களில் இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம் 3 அவுன்ஸ் குண்டு போடும் துப்பாக்கி இருந்தது, எடையே 21 பவுண்டு! அவரும் அதை மட்டும் நம்பவில்லை. நிரப்பிய துப்பாக்கிகளோடு ஆட்கள் பின்னால் நடந்தார்கள்.

நம்மவருக்குப் பின்னால் யார்? ஒரு வெடி தப்பினால் மறுபடி மருந்து, குண்டு, இடிகம்பி, கேப்பு... பன்றி காத்திருக்குமா? பால்ரஸ் போட்டாலோ வெறும் காயம்தான். காயம்பட்ட பன்றி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் படுத்திருக்கும். விடியுமுன் நெற்றியில் லைட்டோடு பால் வெட்ட வருகிறவருக்கு அது தெரியாது.

என்னைக் கேட்டால், குண்டின் அளவைவிட இரண்டாவது வெடி முக்கியம். பஞ்சாயத்தில் சொல்லி, 12 போர் இரட்டைக்குழல் வைத்திருப்பவரைக் கூப்பிடச் சொன்னேன். அவருக்கு அரை மனசுதான்.