கத்திக்கும் ஆதாரம் கேளுங்கள்

ஒருவர் ஒரு ஹதீஸை எடுத்துரைத்தால், "அறிவிப்பாளர் யார்? சனது எப்படி?" என்று வினவும் வழக்கம் நம் மதரஸாக்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. தொடர் அறுந்திருந்தால், கருத்து எத்துணை இனிதாயினும் ஒதுக்கிவைக்கிறோம். இத்தனை கண்டிப்புடைய நாம், நம் பெண்மக்களின் வயிற்றைக் கீற வேண்டுமென்று ஒருவர் சொன்னால், காரணமும் கேளாமல் ஒப்புதல் தாளில் ஒப்பமிட்டுவிடுகிறோம்!

லெப்பைக்குடிக்காடு, வி. களத்தூர் போன்ற நம் ஊர்களில் கணவர் வளைகுடாவில் இருப்பார். முடிவு தொலைபேசியில் நடக்கும். "டாக்டரம்மா சொன்னால் சரிதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னுஞ் சில வீடுகளில், விடுப்பில் வந்தவர் திரும்புமுன் பிள்ளை முகம் பார்க்க வேண்டுமாம். அதற்கென நாள் குறிக்கிறார்கள். பிறர் பஞ்சாங்கம் பார்ப்பதை நகைக்கும் நாம், விமானச் சீட்டைப் பார்த்துக் குறிக்கிறோம். வேற்றுமை என்ன?

அறுவையே ஆகாதென்பது என் வாதமன்று. நச்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்திருந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், அதன் நாடி தளர்ந்தால், கத்திதான் உயிர்காக்கும். அப்போது தயங்குவது பாவம். அந்நிலை எத்தனை பேருக்கு வரும் என்பதே என் வினா. எந்த வட்டாரத்திலும் 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் அறுவை வேண்டியதில்லை என உலக சுகாதார நிறுவனம் 1985இல் கூறியது. 2015இல் மீண்டும் ஆய்ந்து, மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டைக் கடந்தபின் தாய்சேய் மரணம் மேலும் குறைவதாகக் காணவில்லை என்றது. தமிழகத்திலோ, தேசிய குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் 34.1 விழுக்காடு, 2019-21இல் 44.9. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரிடத்தில் 63.8! சிக்கலான பேறுகள் பலவும் இறுதியில் அரசு மருத்துவமனைக்கே அனுப்பப்படுகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். பணம் கட்டும் இடத்தில் மட்டும் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கிவிடுமோ?

மருத்துவர் சங்கங்கள் வாய்திறப்பதில்லை என்பாருண்டு. அது நியாயமன்று. மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ, 2018இல் 'லான்செட்' இதழில் இந்தப் பெருக்கத்தைக் கொள்ளைநோய் என்றே பெயரிட்டு எழுதியது. இருவகைப் பேற்றுக்கும் மருத்துவர் கட்டணம் ஒன்றாயிருக்க வேண்டும். மருத்துவமனைகள் தம் அறுவை விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நன்மை தீமைகளைப் பெண்ணுக்கு உள்ளபடி உரைக்க வேண்டும் என்றது. 1950இல் தோன்றிய நம் நாட்டு ஃபாக்சி சங்கமும் அதன் உறுப்பே. தனியார் மருத்துவமனைகளுக்கு 'மான்யதா' என்னும் தரச்சான்றும் அது வழங்குகிறது. ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். அமலில்லாத இல்மைப் பற்றி நம் ஆலிம்கள் சொல்வதெல்லாம் இச்சங்கங்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. பேற்றின்போது நெருங்கியவர் ஒருவர் தொடர்ந்து உடனிருந்தால் இயல்பான பேறு கூடுகிறது, அறுவை குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெளிந்த செய்தி. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே இதற்கு இடமளிக்கப்பட்டிருக்கிறது. நம் பெண்களோ வாசலில் யாஸீன் ஓதிக்கொண்டு நிற்கிறார்கள். ஓதட்டும், அவர்களில் ஒருவர் உள்ளே சென்று, மகளின் கையைப் பற்றிக்கொண்டு ஓதட்டுமே!

முதற்பேறு அறுவையானால் அடுத்ததும் பெரும்பாலும் அறுவையே. தழும்புள்ள கருப்பையில் நச்சுக்கொடி ஆழப் பதிந்து உதிரம் பெருகும் இடரும் ஒவ்வோர் அறுவையோடும் ஏறுகிறது. ஆகவே பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஜமாஅத்துகள், தம் பெண்கள் செல்லும் மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுதட்டும்: சென்ற ஆண்டு எத்தனை பேறு, எத்தனை அறுவை, அவற்றுள் முதற்பேறு எத்தனை என்று வாசற்பலகையில் எழுதி வையுங்கள் என்று. சந்தாக் கணக்குக்கு ஒரு மாலைப்பொழுதையே செலவிடும் ஜமாஅத்துக் கூட்டத்தில், இதற்கொரு கால்மணி நேரம் கிடைக்காதா?