தேன் பெட்டிக்குப் பாலியூரித்தேன் பசை போடலாமா?

கேள்வி: ஐந்து தேன் பெட்டிகள் வைத்திருக்கிறோம். இரண்டு மழைக்காலம் போனதும் மூலைகள் விட்டுப்போயின. பாலியூரித்தேன் பசை போட்டு ஒட்டிவிடலாம் என்கிறார் தச்சர். தேனீக்களுக்குக் கெடுதல் வருமா?

பதில்: தாராளமாக ஒட்டலாம். பசை முழுவதும் இறுகி, வாடை போன பிறகு தேனீக்களை விட்டால் கெடுதல் இல்லை. மூலையை அப்படியே விட்டு வைப்பதுதான் ஆபத்து. மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட அந்த இடுக்கே போதும். எறும்பும் நுழையும். தொல்லை பொறுக்காமல் அடுக்குத் தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும்.

சாதாரண வெள்ளைப் பசை தொடர்ந்து நனைந்தால் இளகிவிடும். பாலியூரித்தேன் பசையோ ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. இறுகிய பின் மழைக்கு அசையாது. இறுகும்போது கரியமில வாயு உண்டாகி நுரை பொங்கும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இடுக்கு நிரம்பியதுபோலத் தெரியும். ஆனால் நுரைக்குப் பலம் கிடையாது. பலகையோடு பலகை நெருங்கி நிற்கும் இடத்தில் மட்டுமே பிடிப்பு இருக்கும். அதனால் இறுக்கிக் கட்டாமல் ஒட்டுவது வீண் வேலை.

முதலில் மாலை நேரத்தில் அடைச் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றி, அதைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். காலியான பெட்டியின் மூலைகளைப் பிரித்து, பழைய பசை, மெழுகு, பெயின்ட் எல்லாவற்றையும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஒரு பக்கத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, மறுபக்கத்தில் பசையை மெல்லியதாகத் தடவினால் போதும். கிளாம்ப் இல்லாத வீட்டில் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டலாம். மூலைக்கு இரண்டு திருகாணி போடுவதும் நல்லது. பலகையின் குறுக்குவெட்டு முனையில் எந்தப் பசையும் அவ்வளவாகப் பிடிக்காது.

24 மணி நேரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, உள்ளே வழிந்த நுரையைக் கத்தியால் சீவிவிட வேண்டும். விட்டால் சட்டங்கள் நகராது. வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து, பெட்டியைச் சில நாள் நிழலில் திறந்து வைத்தபின் தேனீக்களை மாற்றலாம்.

புதுப் பெட்டி செய்வதானால் பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் பின்னால் சுருங்கும்போது எந்தப் பசையாலும் தாங்க முடியாது.

ஒருமுறை திறந்த பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் புகுந்து, மீதிப் பசை கல்லாகிவிடும். ஐந்து பெட்டியையும் ஒரே நாளில் ஒட்டிவிடுவது காசுக்கு நல்லது. கையுறை கட்டாயம், தோலில் காய்ந்தால் சோப்புக்கு வராது, நாள்பட உதிர்ந்தால்தான் உண்டு. இதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால் காற்றோட்டமான திண்ணையில் வைத்து ஒட்ட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் வரவே கூடாது.

வீட்டு நாய் மீதும் ஒரு கண் வேண்டும். பசை பாட்டிலை நாய் கடித்து விழுங்கினால், வயிற்று ஈரத்தில் பசை பல மடங்கு பொங்கிக் கட்டியாகிவிடும். அதை அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். வாந்தி எடுக்க வைக்காமல், தண்ணீரும் புகட்டாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பாட்டிலையும் கையோடு எடுத்துச் சென்றால், எந்தப் பசை என்று அவருக்குத் தெரியும்.