உழக்கும் மிஞ்சாத கணக்கு

கேள்வி: ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். அப்புறமும் வரவு செலவு எழுதிவையுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்களே, எதற்கு?
- ஒரு வாசகர், சின்னசேலம் வட்டம்

பதில்: உழக்கு என்பது கால் படி. அதுகூட மிஞ்சாது என்பது பல வருஷம் பல காட்டில் மெய்யாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் இந்தப் பழமொழியை முதலில் சொன்னது யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். உழுதவன் சொல்லியிருந்தால் அது புலம்பல். உழுதவனிடம் விளைச்சலை வாங்கியவன் சொல்லியிருந்தால் அது சாமர்த்தியம்.

ஏனென்றால் ஊரில் கணக்குப் பார்க்காத ஆள் உழுதவன் ஒருவன்தான். உரக்கடைக்காரரிடம் பேரேடு இருக்கிறது. வட்டிக்காரரிடம் நோட்டு இருக்கிறது. தரகர் சட்டைப் பையில் துண்டுச்சீட்டு இருக்கிறது. டீக்கடைக்காரர்கூட யார் எத்தனை டீ கடன் என்று எழுதிவைக்கிறார். இத்தனை பேரும் எழுதும் கணக்கில் ஒரு பக்கம் உழுதவன் பெயர்தான். அவன் மட்டும் எழுதவில்லை. எழுதினால் மிஞ்சாது என்று பயம். எழுதாததால் மிஞ்சிவிட்டதா என்றால் அதுவும் இல்லை.

பேனா யார் கையில்?

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1976 வரை அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். கொத்தடிமைக் கடன் எங்கும் ஒரே மாதிரிதான் வளரும். கடன் வாங்கியவன் வாயால் கணக்கு வைத்திருப்பான், கொடுத்தவன் பேனாவால் வைத்திருப்பான். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது; ஒத்துப்போகாதபோது பேனாதான் ஜெயிக்கும்.

இன்று ஜாகீர் இல்லை. ஆனால் புளி, கடுக்காய், பலா என்று மரத்தில் இருக்கும்போதே முன்பணம் வாங்கும் பழக்கம் இருக்கிறது. வாங்கிய தேதி, வாங்கிய தொகை, பேசிய விலை மூன்றையும் தன் கையால் ஒரு நோட்டில் எழுதிவைத்தவரிடம் வியாபாரி மரியாதையாகப் பேசுவார். எழுதாதவரிடம் பாசமாகப் பேசுவார். இரண்டில் எது லாபம் என்பது அறுவடை அன்று தெரியும்.

மண்ணுக்குள்ளே ராஜா

நம் மாவட்டத்து மரவள்ளிக்கும் மனிதனுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை கிழங்கு ராஜா; விலை சரியில்லை என்றால் கொஞ்ச நாள் காத்திருக்கும். பிடுங்கிப் போட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். அப்புறம் பேரம் பேசும் உரிமை லாரிக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் போய்விடும். ‘முதல்ல பிடுங்கிப் போடுங்கண்ணே, விலை அப்புறம் பேசிக்கலாம்’ என்று சொல்கிறவர் கெட்டவர் இல்லை. தன் வேலையைச் செய்கிறார். விலை பேசாமல் பிடுங்கியவர்தான் தன் வேலையை விட்டுவிட்டார்.

பாயின்ட் கணக்கும் அப்படியே. கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவுதான் பாயின்ட். ஒரு பாயின்டுக்கு 250 ரூபாய் என்று பேசியதாக வைத்துக்கொள்வோம். 28 பாயின்ட் வந்தால் டன்னுக்கு 7,000 ரூபாய். அதே கிழங்கு 25 என்று வந்தால் 6,250. டன்னுக்கு 750 ரூபாய் குறைவு. பத்து டன் ஏற்றினால் 7,500 ரூபாய். உரக்கடையில் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கும் அதே மனிதர், பாயின்ட் பார்க்கும் இடத்தில் அரை நிமிஷம் நிற்பதில்லை. ‘நமக்கு என்ன தெரியும்’ என்று டீ குடிக்கப் போய்விடுவார். அன்றைக்கு அவர் குடித்த டீயின் விலை 7,500 ரூபாயாகவும் இருக்கலாம்.

கரும்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கரும்பு கட்டுப்பாட்டு ஆணை 1966-ல் வந்தது. கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. இதைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ஆனால் கேட்க வேண்டிய நாள் வந்தால், எடைச்சீட்டும் தேதியும் கையில் இருப்பவர்தான் கேட்க முடியும். சிரிப்புக்கு ரசீது கிடையாது.

மோகம் முப்பது நாள்

‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்பதைக் கல்யாண வீட்டில் கிண்டலுக்குச் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, தக்காளிக்கு நன்றாகப் பொருந்தும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. பக்கத்துக் காட்டுக்காரர் புது வண்டி எடுத்தார் என்று சேதி வந்தால் போதும். அந்த வாரமே நாற்றுப் பண்ணையில் கூட்டம் நிற்கும். எல்லோரும் நட்ட தக்காளி ஒன்றாகப் பழுக்கும். இரண்டு மாதம் கழித்து அதே தக்காளியைப் பறிக்கிற கூலிக்குக்கூட விற்க முடியவில்லை.

இதில் சந்தையின் குற்றம் பாதி, மனித சுபாவத்தின் குற்றம் பாதி. பக்கத்துக் காட்டுக்காரர் நஷ்டப்பட்ட வருஷம் அவர் என்ன நட்டார் என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர் லாபம் பார்த்த வருஷம் மட்டும் விதை எங்கே வாங்கினார் என்பது வரை விசாரிப்பார்கள். லாபத்தை ஊரார் கண்ணால் பார்க்கிறார்கள். நஷ்டத்தை அவர் வீட்டார் மட்டும் பார்க்கிறார்கள். ஆகவே விலை உச்சத்தில் இருக்கும் பொருளை நடுவது என்பது பஸ் புறப்பட்ட பிறகு துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி.

பங்காளியும் பனங்காயும்

‘பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டணும்’ என்றார்கள். நம் ஆட்கள் பதம் பார்ப்பதில்லை, வரப்பைப் பார்க்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மண்வெட்டியால் வரப்பின் ஓரத்தைச் சீவுவது ஒருவர் வேலை. அதை மனதில் வைத்திருந்து பொங்கலன்று பேச்சை நிறுத்துவது மற்றவர் வேலை.

சண்டையின் அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டர் நீள வரப்பில் 15 சென்டிமீட்டர் போய்விட்டது என்றால், போனது 15 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆக அரை சென்ட்கூட இல்லை. அந்த அரை சென்டுக்கு வக்கீல் ஃபீஸ், வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவு, அன்றைக்கு விட்டுப்போன வேலை என்று எழுதிக் கூட்டினால், அதே ஊரில் அரை சென்டை விலைக்கே வாங்கியிருக்கலாம். முதல் வருஷமே சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டால் செலவு அதோடு முடியும். ஆனால் அளந்து கல் நட்டுவிட்டால் டீக்கடையில் பேச விஷயம் இருக்காது என்று நினைக்கிறார்களோ என்னவோ!

நலம் விசாரிக்கும் வட்டி

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 36 சதவீதம். 50,000 ரூபாய்க்கு மரவள்ளி விளையும் பத்து மாதத்தில் வட்டி மட்டும் 15,000. இது தெரிந்தும் கால் ஏன் இரண்டாவது வாசலுக்கே போகிறது?

சங்கத்தில் அடங்கல் கேட்பார்கள், சிட்டா கேட்பார்கள், நாளைக்கு வாங்க என்பார்கள். வட்டிக்காரர், ‘அண்ணே, பாப்பாவுக்கு உடம்பு தேவலையா?’ என்று கேட்பார். மனிதனுக்குக் காகிதம் கேட்டால் கோபம் வருகிறது, நலம் கேட்டால் கண் கலங்குகிறது. அந்த ஒரு விசாரிப்பின் விலைதான் 15,000 ரூபாய். கடன் அவசரத்துக்குத்தான் வாங்குகிறோம், வாஸ்தவம். ஆனால் பட்டம் ஒன்றும் திடீரென்று வந்துவிடுவதில்லை. ஆடி எப்போது வரும் என்பது சித்திரையிலேயே தெரியும். அடங்கலை அப்போதே வாங்கிவைக்கலாம்.

சம்பளமில்லாத கூலியாள்

‘மாப்பிள்ளை என்ன பண்றாரு?’ ‘விவசாயம்.’ ‘சரிங்க, வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்.’ அப்புறம் அந்தப் பக்கமிருந்து போன் வராது. இப்படிச் சொல்கிற பெண்ணின் அப்பாவும் விவசாயிதான் என்பது இதில் வேடிக்கை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தன் வீட்டுக்காரம்மா முப்பது வருஷம் காட்டில் என்ன பாடுபட்டார் என்பது அவருக்குத் தெரியும். அவர் நோட்டில் எழுதாத கணக்கு மகள் கல்யாணத்தின்போது மனதில் ஞாபகம் வருகிறது.

அந்தக் கணக்கை எழுதித்தான் பார்ப்போமே. வீட்டுப் பெண் ஒருவர் தோட்டத்தில் தினம் இரண்டு மணி நேரம் வேலை செய்கிறார். பத்து மாதப் பயிருக்கு 600 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாளாக எடுத்தால் 75 நாள். கூலி 300 ரூபாய் என்று வைத்தால் 22,500 ரூபாய். ‘இந்த வருஷம் 20,000 நின்னுச்சு’ என்று திண்ணையில் சொல்கிறவருக்கு உண்மையில் 2,500 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தாங்கியவர் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கிறார்.

இது புதுக்கணக்கு இல்லை. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம், கையிலிருந்து கொடுத்த செலவோடு குடும்பத்தாரின் உழைப்பையும் மதிப்புப் போட்டுத்தான் சாகுபடிச் செலவைச் சொல்கிறது. 2018-19 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலை அந்தச் செலவைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சொந்த முதலுக்கு வட்டியையும் சேர்க்க வேண்டும் என்பது விவசாய சங்கங்களின் கோரிக்கை. அந்த வாதம் நடக்கட்டும். டெல்லியில் கூலி எழுதப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவர் வீட்டு நோட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் இங்கே விஷயம்.

கல்வராயன் மலையில் மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துப் பெண் எடுப்பது பழைய வழக்கம். ஒரு வீட்டிலிருந்து பெண் போனால் உழைக்கும் இரண்டு கை போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கீழ்நாட்டில் அந்த இரண்டு கையையும் அனுப்பி, கூடவே நகையும் வண்டியும் அனுப்புகிறோம். படித்தவர்கள் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

இதர செலவு

எழுதுகிற சிலரின் நோட்டிலும் ‘இதர செலவு’ என்று ஒரு வரி உண்டு. அது எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். ஊரில் அதை வைத்து ஆயிரம் சிரிப்புக்கதை சொல்வார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறையப் பேர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்புக்கதைகளுக்கு நம் பக்கத்தில் பழைய சிரிப்பு வருவதில்லை.

இந்த வரியில் புத்திமதி எடுபடாது. குடிப்பவருக்கு அதெல்லாம் மனப்பாடம். ‘இதர’ என்று எழுதுவதற்குப் பதில் உள்ள பெயரை எழுதி, மாதக் கடைசியில் கூட்டினால் போதும். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பக்கத்தில் அந்தத் தொகை நிற்கும்போது, யாரும் வாய் திறக்க வேண்டியிருக்காது.

ஆக, நோட்டு எப்படி?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பயிருக்கு ஒரு பக்கம். தேதி, என்ன வேலை அல்லது பொருள், கையிலிருந்து கொடுத்த ரூபாய், வீட்டு ஆட்கள் உழைத்த மணி நேரம், வரவு என்று ஐந்து கட்டம். ரசீதும் எடைச்சீட்டும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டப்பட வேண்டும். கடன் வாங்கியிருந்தால் தேதியும் வட்டியும் கடைசிப் பக்கத்தில். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் எழுதச் சொல்வது நல்லது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக மட்டுமல்ல. பிள்ளைக்கு முன்னால் பொய்க்கணக்குச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒரு வருஷம் எழுதிப் பார்த்தால் உழக்கு மிஞ்சவில்லை என்றுகூடத் தெரியவரலாம். ஆனால் அந்த உழக்கு பாயின்டில் போனதா, வட்டியில் போனதா, வரப்பில் போனதா, பாட்டிலில் போனதா என்பதும் கூடவே தெரியும். அடுத்த வருஷம் எந்த ஓட்டையை அடைப்பது என்று முடிவு செய்யலாம். எதை அடைத்தும் தேறாத பயிர் என்றால் அதை விட்டு வேறு பயிருக்கு மாறலாம். பெரியவர்கள் சொன்ன பழமொழியில் தவறில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாதுதான். கணக்குப் பார்க்காவிட்டால் மிஞ்சுவது அடுத்தவன் படியில்.