காலக் கணக்கும் கணிப்பொறியும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ளது தேர்வாய் கண்டிகை. ஏரியும் வயலும் சூழ்ந்த அவ்வூரில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. டயர் முதலிய பொருள்கள் அங்கு உருவாகின்றன. இக்காலத்து ஆலைகளில் எந்திரங்களை ஏவுவன, அவற்றினுள் பொதிந்த சிறு கணிப்பொறிகளே. உலகெங்கும் உள்ள அத்தகைய கருவிகளுள் பழையன பல, 2038 ஜனவரி 19-ஆம் நாள் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குப் பின் நாளைத் தவறாகக் காட்டும் என்பர் வல்லுநர். இவ்வச்சம் மெய்யோ மிகையோ என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பல கணிப்பொறிகள், 1970 ஜனவரி முதல் நாள் தொட்டுக் கடந்த நொடிகளை எண்ணியே நாளை அறிகின்றன. பழைய அமைப்பில் அவ்வெண்ணிக்கைக்கு 32 இடங்களே உண்டு. ஒவ்வோர் இடத்திலும் சுழியோ ஒன்றோதான் நிற்கும். 214,74,83,647 நொடிகள் ஆனதும் மரக்கால் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் கணக்குப் புரண்டு, 1901 டிசம்பர் என்று காட்டும்.

அச்சம் வீண் என்போர் 2000-ஆம் ஆண்டைச் சான்று காட்டுவர். ஆண்டினை இரண்டே இலக்கங்களில் குறித்த பழைய கணிப்பொறிகள், 00 என்பதை 1900 எனக் கொள்ளும் என்று அன்று உலகம் அஞ்சியது. ஏறத்தாழ 30,000 கோடி டாலர் செலவாயிற்று என மதிப்பிட்டனர். நம் நாட்டுப் பொறியாளர் பல்லாயிரவர் அயல்நாட்டு நிறுவனங்களின் நிரல்களை வரிவரியாகப் பார்த்துத் திருத்தினர். இறுதியில் அந்நாள் அமைதியாகவே விடிந்தது. சிறிதே செலவிட்ட இத்தாலியிலும் பெருந்தீங்கு நேரவில்லை. ‘எல்லாம் பூச்சாண்டி’ என்றனர் பலர்.

மற்றவர் இதனை ஏலார். தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை ஏரிகள் இணைந்து 2020-இல் நீர்த்தேக்கம் ஆயின. அதற்கு முன்னும் பின்னும் மழைக்காலத்துக்கு முன் கரையைச் செப்பனிடுவது இந்நாட்டு வழக்கம். கரை உடையவில்லை என்பதனால் மண் சுமந்தவன் உழைப்பு வீணாகுமா? மேலும், 2000-இல் தீங்கு அறவே இல்லை என்பதும் உண்மையன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கணிப்பொறி ஒன்று கருவுற்ற மகளிரின் வயதைப் பிழைபடக் கணித்தது. அதனால் 150-க்கு மேற்பட்டோர், தம் கருவிலுள்ள குழந்தையின் நலம் பற்றித் தவறான முடிவைப் பெற்றனர்.

ஆயினும் இரு சாராரும் எல்லாக் கணிப்பொறிகளையும் ஒன்றாகவே எண்ணி வாதிடுகின்றனர். குறை அங்கேதான் உள்ளது. கைப்பேசியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். புதியவற்றில் 64 இடங்கள் உண்டு. ஆலை எந்திரமோ இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கும். அங்கும் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ரப்பரை அச்சில் வேகவைக்கும் கருவிக்கு இத்தனை நிமிடம் என்ற அளவு போதும்; ஆண்டு எதுவாயினும் அதற்குக் கவலையில்லை. டயரின்மேல் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் பொறிக்க வேண்டுமே, அவ்விடத்தில் நாள் பிழைத்தால் பழையது புதியதாகும்; புதியது பழையதாகும். சாலையில் செல்வோன் உயிர் அந்த எண்ணை நம்பியிருக்கிறது.

ஆகவே அஞ்சுவோரும் நகைப்போரும் எந்திரத்தைச் சோதித்தபின் பேசுதல் நன்று. ஆலை ஓய்ந்திருக்கும் ஆயுதபூசை நாளில், உற்பத்தியினின்றும் பிரித்துவைத்த கருவி ஒன்றின் கடிகாரத்தை 2038-க்கு முன்னே தள்ளிப் பார்க்கலாம். பொட்டு வைக்கும் நேரத்தில் இதற்கும் சிறிது நேரம் கிடைக்கும். உண்மையான அந்த ஜனவரி 19 ஒரு செவ்வாய்க்கிழமை. ஆலைகளில் காலை வேலை தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருக்கும்.