பன்னிரண்டு சட்டைகள் அணிந்த ஆட்டக்காரர்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு குளிர்காலத்தில் ரொறன்ரோவில் சகோதரியின் வீட்டில் தங்கியிருந்தேன். பாடசாலை மாணவனான மருமகன் தான் சேகரித்து வைத்திருந்த ஐஸ் ஹொக்கி வீரர்களின் அட்டைகளை ஒரு நாள் மாலை என் முன்னால் பரப்பினான். அவற்றில் ஒன்றின் பின்புறத்தில் அணிகளின் பெயர்கள் ரயில் நிலையங்களின் பட்டியலைப் போன்று நீண்டு சென்றன. "மாமா, இவர் நல்ல வீரர் என்றால் ஏன் ஒரு அணியும் இவரை வைத்துக்கொள்ளவில்லை?" என்று கேட்டான். அன்று என்னால் உருப்படியான பதில் எதையும் கூற முடியவில்லை. அந்தக் கேள்வி மாத்திரம் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

அந்த வீரர் மைக் சிலிங்கர். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் 1971இல் பிறந்தவர். 1989ஆம் ஆண்டின் இளம் வீரர்கள் தெரிவில் டெட்ரோயிட் அணி அவரை 11ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வாறு தெரிவாகும் இளைஞனிடம் நட்சத்திரத்துக்குரிய எதிர்பார்ப்புகள் சுமத்தப்படுவது வழமை. சிலிங்கர் நட்சத்திரமாகவில்லை. ஆனால், 2009இல் ஓய்வுபெற்றபோது வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 1,049 ஆட்டங்களில் ஆடி, 240 கோல்களைப் போட்டு, மேலும் 308 கோல்களுக்குத் துணைநின்றிருந்தார். டெட்ரோயிட், அனஹைம், வன்கூவர், பிலடெல்பியா, தம்பா பே, புளோரிடா, ஒட்டாவா, கொலம்பஸ், பீனிக்ஸ், சென்ற் லூயிஸ், நாஷ்வில், நியூயோர்க் ஐலண்டர்ஸ் என்று 12 அணிகளின் சட்டைகளை அவர் அணிந்தார். அந்த லீக்கில் அவ்வளவு அணிகளுக்கு ஆடிய முதல் வீரர் அவரே.

இந்த ஆட்டத்தில் கோல் காப்பாளர் நீங்கலாக ஐந்து பேர் பனித்தளத்தில் நிற்பர். அவர்களில் மூவர் முன்னணி வீரர்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் மூச்சு வாங்கும் என்பதால் முன்னணி வீரர்கள் நான்கு வரிசைகளாகப் பிரிக்கப்பட்டு மாறிமாறி இறக்கப்படுகிறார்கள். முதல் வரிசையின் வேலை கோல் போடுவது. மூன்றாவது, நான்காவது வரிசைகளின் வேலை பெரும்பாலும் எதிரணியைக் கோல் போட விடாதிருப்பது. நடுவர் கீழே போடும் ரப்பர் வட்டை எதிராளிக்கு முன்னதாகத் தட்டி எடுப்பதிலும், தனது அணியினர் ஒருவர் தண்டனை பெற்று வெளியே அமர்ந்திருக்கும் இரு நிமிடங்களைச் சமாளிப்பதிலும் சிலிங்கர் வல்லவர். மறுநாள் பத்திரிகையின் தலைப்புக்கு வராத வேலைகள் இவை.

அவரை அணிகள் கைமாற்றிய மாதங்களைப் பார்த்தால் ஒரு உண்மை புலப்படும். 1996, 2000, 2001, 2004 ஆகிய நான்கு வருடங்களிலும் மார்ச் மாதத்திலேயே அவர் இடம் மாறினார். வீரர்களைக் கைமாற்றுவதற்கான காலக்கெடு பருவகாலத்தின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. கிண்ணத்தை வெல்லும் நம்பிக்கையைக் கைவிட்ட அணிகள் அப்போது விற்கும். நம்பிக்கை எஞ்சியிருக்கும் அணிகள் வாங்கும். எந்தப் பயிற்றுநரின் கீழும் மறுநாளே தளத்தில் இறங்கக்கூடிய அனுபவசாலிக்கு அந்தச் சந்தையில் கிராக்கி அதிகம். 2005-06 பருவகாலத்தில் தனது ஆட்டவாழ்வில் மிக அதிகமாக 32 கோல்களை அவர் போட்டார். அந்தப் பருவகாலத்தின் நடுவிலும் அவர் சென்ற் லூயிஸிலிருந்து நாஷ்விலுக்கு அனுப்பப்பட்டார். மோசமாக ஆடியதற்காக அல்ல, நன்றாக ஆடியதால் விலைபோனார் என்பதே பொருத்தமானது.

எனவே, பன்னிரண்டு அணிகளுக்கு அவர் வேண்டாதவராக இருந்தார் என்று கூறுவதைவிட பன்னிரண்டு அணிகளுக்கு அவர் வேண்டியவராக இருந்தார் என்று கூறுவதே நியாயம். மருமகனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்.

ஆனால், அந்தப் பதிலுடன் திருப்தியடைந்துவிடவும் முடியாது. அணி மாறிய 11 தடவைகளில் தானாக விரும்பி ஒப்பந்தம் செய்து சென்றது கொலம்பஸுக்கும் ஐலண்டர்ஸுக்கும் மாத்திரமே. ஏனைய தடவைகளில் வேறு எவரோ முடிவெடுத்தார்கள். 2003 ஜூலையில் கொலம்பஸ் அவரை டலஸுக்குக் கொடுத்தது. டலஸ் அதே நாளில் பீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. டலஸின் சட்டையை அவர் ஒரு ஆட்டத்திலேனும் அணிந்ததில்லை. சாதாரண மக்களால் நினைத்தும் பார்க்க முடியாத சம்பளம் கிடைக்கிறதே என்று சிலர் வாதிடக்கூடும். சம்பளம் உழைப்புக்கான விலை. வீட்டைக் கட்டி முடிக்கும் முன்னரே மூட்டை கட்ட வேண்டியிருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது விலையாகிவிடாது. விசுவாசத்தை வீரரிடம் எதிர்பார்க்கும் முகாமைத்துவங்கள் அதைத் திருப்பித் தருவதில்லை என்பது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

நானும் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளின் ஆசிரிய பீடங்களில் மூன்று தசாப்தங்களுக்கும் அதிகமான காலம் வேலை செய்தவன். நள்ளிரவு கடந்து பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு வெளியேறும் உதவி ஆசிரியரின் பெயரை வாசகர் அறிவதில்லை. அவர் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் பத்திரிகையில் நேரும் தவறுகளை மாத்திரம் எல்லோரும் அறிவார்கள். சிலிங்கரின் கதை என்னை ஈர்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்ரான்லி கிண்ணத்தை அவர் ஒருபோதும் வெல்லவில்லை. அவர் ஆடிவிட்டு வந்த டெட்ரோயிட் 1997இலும் தம்பா பே 2004இலும் அனஹைம் 2007இலும் அதை வென்றன. மூன்றிலும் அவர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார். கிண்ணத்தில் பெயர் பொறிக்கப்பட்டவர்களை வைத்தே ஒரு ஆட்டத்தின் வரலாற்றை எழுதுவோமானால், அதைத் தோளில் சுமந்த பெரும்பான்மையினரை விட்டுவிட்டு எழுதுகிறோம் என்பதே அர்த்தம்.

கொலம்பஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2003 மே மாதத்தில் அந்த நகரில் சிலிங்கருக்கு ஒரு மகன் பிறந்தான். குழந்தைக்கு இரண்டு மாதங்கள் ஆகியபோது தந்தை கைமாற்றப்பட்டார். கோல் சிலிங்கர் என்ற அந்த மகனை 2021ஆம் ஆண்டின் தெரிவில் 12ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது அதே கொலம்பஸ் அணிதான். தந்தையை அனுப்பிவைத்த ஊரில், பதினெட்டு வயதில் மகன் பனித்தளத்தில் இறங்கினான்.